பார்த்தது இடப்பக்கம், கேட்டது வலப்பக்கம்

அவரிடம் “மழை வரும்போல இருக்கு” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நகர்ந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் யாரும் இல்லை.

“மேகத்தப் பாத்தீங்களா அண்ணே, இல்ல யாராச்சும் சொல்லிக் கேட்டீங்களா?”

“ரேடியோல சொன்னாங்க அக்கா.”

“அப்ப ரேடியோல சொன்னாங்கன்னு சொல்லுங்க. மழையப் பத்தி ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

அந்த நிமிடமே இடி இடித்து, மழை கொட்டி, அவர் தொப்பலாக நனைந்தார் என்று எழுதக் கை பரபரக்கிறது. அப்படி நடக்கவில்லை. அன்று மழையே வரவில்லை. கடைசியில் அவர் பக்கமே நியாயம் இருந்துவிடும். அவரிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. ஈப்போவில் வக்கீல் தொழில் செய்தார். லாயர் அக்கா என்றால் லகாட்டிலிருந்து பாரிட் புந்தார் வரை தெரியும். நான் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன், இருந்தாலும் எனக்கும் அவர் அக்காதான். அவருக்கு நான் அண்ணன். இந்த உறவு முறை எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவே பல வருடம் நன்றாகவே நின்றது.

குட்டையான உருவம். சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர் போடுகிற வெள்ளைச் சப்பாத்து. பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். அதன் பின்சீட்டில் மனிதர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, கோப்புகள்தான் உட்கார்ந்திருக்கும். பெல்ட்டும் போட்டிருக்கும். அவருக்குக் கல்யாணம் ஆகி இரண்டே வாரத்தில் மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்து அனுப்பிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை, கேட்டதுதான். எனவே இதை நீங்கள் வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் இன்னும் இரண்டு இளம் பெண் வக்கீல்களும் ஈப்போவிலிருந்து பாகான் செராய்ப் பக்கம் வருவார்கள். நான் பிறந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை இடித்தாகிவிட்டது, கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் கோயில் மண்டபத்தில், அன்னதானம் பரிமாறுகிற நீள மேசையில் மூவரும் உட்கார்ந்து, வருகிறவர்களின் சிக்கல்களைக் கேட்பார்கள். சம்பளம் கிடையாது. பூசாரி கொடுக்கும் சுண்டல் உண்டு.

மற்ற இரண்டு பெண்களும் சொல்வதையெல்லாம் கேட்டு “ஐயோ பாவம்” என்பார்கள். அவர்கள் முன்னால் எப்போதும் நீண்ட வரிசை. லாயர் அக்கா ஐயோ பாவம் சொல்லவே மாட்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். இடப்பக்கம் மேலே ‘பார்த்தது’, வலப்பக்கம் மேலே ‘கேட்டது’. நாம் பேசப் பேச எழுதிக்கொண்டே போவார். பேசி முடித்துப் பார்த்தால் வலப்பக்கம் நிரம்பி வழியும், இடப்பக்கத்தில் நம் பெயரும் முகவரியும் இருக்கும். சில பேருக்கு முகவரியும் சந்தேகம்தான்.

ஒரு முறை ஒருவர் பக்கத்து வீட்டுக்காரன் தன் ரம்புத்தான் மரத்தை வெட்டிவிட்டான், வழக்குப் போட வேண்டும் என்று கொதித்துக்கொண்டு வந்தார்.

“வெட்டுனதப் பாத்தீங்களா?”

“நான் வேலைக்குப் போயிட்டேன். என் சம்சாரம் சொன்னுச்சு.”

“சம்சாரத்தக் கூட்டிட்டு வாங்க.”

அடுத்த மாதம் சம்சாரம் வந்தது. “அவருதாங்க சொன்னாரு, அவன்தான் வெட்டியிருப்பான்னு” என்றது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரையே அழைத்துக் கேட்டால், மரம் அன்றைக்கு அடித்த புயல் காற்றில் சாய்ந்ததாம். அவர்தான் அதைத் துண்டு போட்டு ஓரமாக அடுக்கியும் வைத்திருக்கிறார். “அது யாரு அடுக்குனதுன்னு நாங்களும் யோசிச்சோம்” என்றது சம்சாரம்.

நான் அங்கே என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தொழில் தொழிற்சாலை பஸ் ஓட்டுவது, கெட்ட பழக்கம் கல்யாணங்களில் மைக் பிடிப்பது. ஞாயிற்றுக்கிழமை பஸ் சும்மா நிற்கும். அதனால் லகாட் பக்கம் குடியேறிவிட்ட பழைய தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வருவேன். நாற்காலி போடுவேன். யாரும் கேட்காவிட்டாலும் மைக்கைத் தட்டி “ஹலோ, செக், செக்” சொல்வேன்.

அக்காவை நான் முதலில் பார்த்ததும் மைக்கோடுதான். ஈப்போவில் ஒரு கல்யாணம். “ஐந்நூறு உறவுகள் திரண்டிருக்கும் இந்தப் பொன்மாலைப் பொழுதில்” என்று முழங்கிவிட்டு இறங்கினேன். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு அம்மா எதிரே வந்து நின்றார்.

“எண்ணுனீங்களா அண்ணே?”

“என்னாத்தங்க?”

“நான் எண்ணுனேன். முந்நூத்திப் பதினாலு. பிள்ளைங்களையும் சேத்து.”

கல்யாண விருந்தில் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுகிற ஒரு பிறவியை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. அன்றிலிருந்து மேடையில் ‘திரளான’ என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர் முன்னால் சரசுவுக்குச் சாட்சி சொல்ல நான் போய் உட்கார்ந்தேன் பாருங்கள், அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

சரசு எங்கள் லயத்துப் பெண். ஐம்பது வயது. பாகான் செராயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். அவளுக்கு ஐசி கிடையாது. அடையாள அட்டை இல்லாமல் இந்த நாட்டில் ஐம்பது வருடம் வாழ்வது எப்படி என்று அவளைத்தான் கேட்க வேண்டும். சாலையில் போலீஸ் தடுப்பைப் பார்த்தால் பஸ்ஸிலேயே தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள். தைப்பிங்கைத் தாண்டி எந்த ஊருக்கும் போனதில்லை. அவளுடைய தங்கை தேவியோ ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பிறப்புப் பத்திரம், ஐசி எல்லாம் உண்டு. படித்து ஆசிரியையாகி, கடல் தாண்டிச் சரவாக்கில் கூச்சிங்கில் இருக்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருத்தி இந்த நாட்டுக்காரி, இன்னொருத்தி எந்த நாட்டுக்காரி என்று யாருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் தீபாவளிக்குத் தேவி பறந்து வந்துவிடுவாள். பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டியதாயிற்று. அவளால் வர முடியாது. இவள்தான் போக வேண்டும். ஐசி இல்லாமல் விமானத்தில் யார் ஏற்றுவார்கள்? “அக்கா, ஒரு தடவ வந்து என்னைப் பாத்துட்டுப் போயேன்” என்று போனில் தேவி கேட்பாளாம். இதுவும் கேட்டதுதான். ஆனால் கேட்டுவிட்டு வந்த சரசுவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்தில் சரசு தன் கதையைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ஒங்க பொறப்ப ஏன்மா பதியல?” என்றார் அக்கா.

“கிராணி எழுதிட்டாருன்னு எங்கப்பா சொன்னாரு.”

தோட்டத்தில் எழுத்து வேலையெல்லாம் ஆபீஸ் கிராணிதான். பிறப்பு, சாவு, லீவு, எல்லாம் அவர் எழுதினால் எழுதியது. அப்பன்மார் போய்ச் சொல்லவேண்டும். லயத்து வீட்டில் பிள்ளை பிறந்தால் மருத்துவச்சி சொல்லிவிடுவாள் என்று அப்பன் இருப்பான், அப்பன் சொல்வான் என்று மருத்துவச்சி இருப்பாள்.

“அப்பா அவரு எழுதுனதப் பாத்தாரா, கேட்டாரா?”

“எழுதியாச்சுன்னு யாரோ சொல்லிக் கேட்டாரு.”

அவள் பிறந்த பதினைந்தாம் நாள் அவள் அப்பா, வேலையை மேற்பார்க்கிற மண்டோரோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மருத்துவச்சியும் போய்விட்டாள். கிராணி எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே தெரியாது. பிறந்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

“நான் இருக்கேன்!” என்றேன்.

சரசு பிறந்த கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆள் உண்டா? கல்யாண மேடைகளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நடு இரவு, பேய் மழை, வெள்ளம். சரசுவின் அம்மாவுக்கு வலி. ஏழு வயதுச் சிறுவனாகிய நான், கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கோடு, மூன்று மைல் ரப்பர்க்காட்டு வழியே ஓடி மருத்துவச்சியைக் கூட்டி வந்தேன். கூட்டம் நல்ல கூட்டமாக இருந்தால் வழியில் ஒரு புலியும் வரும்.

அக்கா புதுத் தாள் எடுத்துக் கோடு போட்டார். பிறகு சரசு கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு பழைய கடித நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது யாரு எழுதுனது அண்ணே?”

என் கையெழுத்து. எட்டு வருடங்களுக்கு முன் சரசுவுக்காகப் பதிவு இலாகாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது. புலியை விட்டுவிட்டேன், எனக்கும் நிதானம் உண்டு. ஆனால் வெள்ளம் கூரை வரை வந்ததாகவும், தோட்டத் துரையே விளக்கோடு எனக்குத் துணைக்கு வந்ததாகவும் எழுதியிருந்தேன். எந்த வெள்ளம், எந்தத் துரை, அவர் எங்கே என்று இலாகா கேட்டது. பதில் இல்லாததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. கூரை வரை வெள்ளம் வந்தால் துரை விளக்கை எங்கே பிடித்திருப்பார்?

“அன்னிக்கி ஒங்களுக்கு ஸ்கூல் இருந்துச்சா?”

“இருந்துச்சு அக்கா. ஸ்கூல் விட்டுத்தான் வந்தேன்.”

“ஸ்கூல் விட்டு வந்தா நடுராத்திரி எப்பிடி?”

நான் கையிலிருந்த மைக் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“மருத்துவச்சி வீட்டுக் கதவத் தட்டுனீங்க. கதவு என்ன கலரு?”

எத்தனை மேடையில் சொன்ன கதை! அந்தக் கதவுக்கு நான் ஒரு நாளும் சாயம் அடித்ததில்லை. பச்சை என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே சரசு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே,” என்றாள் அவள், “எனக்கு ஓடுன ஆளு வேணாம் லா. அங்க இருந்த ஆளுதான் வேணும்.”

பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

மதியம் மூன்று மணி. பள்ளி விட்டு வந்தேன், பசி. சரசுவின் அப்பா, பிரசவத்துக்குப் பின் மனைவி குடிக்கட்டும் என்று ஒரு டின் கெட்டிப்பால் வாங்கிப் பின்வாசல் பலகையில் வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, அவர்கள் வீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து லயங்கள் கால்களின் மேல் நிற்கும், அடியில் ஒரு பையன் தாராளமாக ஒளியலாம். மழை உண்மைதான். மேலே மருத்துவச்சியின் குரல், பிறகு குழந்தை அழுகிற சத்தம்.

“கேட்டது,” என்று வலப்பக்கம் எழுதினார் அக்கா. “அப்பறம்?”

அப்புறம் சரசுவின் அப்பா ஒரு மண்வெட்டியும் மூடிய சட்டியுமாக இறங்கி வந்தார். நஞ்சுக்கொடியை வெளியே மழையில் புதைக்க முடியாமல், வீட்டுக்கு அடியிலேயே புதைக்க வந்தவர், என்னையும் டின்னையும் கண்டார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. “டேய், பொம்பளப் புள்ள பொறந்திருக்குடா!” என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனார். அங்கே பாயில் சரசுவின் அம்மா. பக்கத்தில் மருத்துவச்சி கையில் சிவப்பாக, கோபமாக, ஒரு குழந்தை.

“பாத்தீங்களா?”

“பாத்தேன் அக்கா. வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம். எறும்புன்னு நெனச்சுத் தட்டப் போயி மருத்துவச்சிக்கிட்ட அடி வாங்குனேன்.”

சரசுவின் கை தானாகக் காதுக்குப் போனது. அக்கா எழுந்து வந்து, அந்தக் கையை விலக்கி, குனிந்து பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து, இடப்பக்கத்தில் எழுதினார். அவர் அவ்வளவு மெதுவாக எழுதி நான் பார்த்ததே இல்லை.

சரசுதான் முதலில் சிரித்தாள். “எங்கம்மாவுக்கு மிச்சம் வெச்சீங்களா அண்ணே?”

“பாதி டின்னு வெச்சேன்மா.”

“பாதின்னு எப்பிடித் தெரியும்?” என்றார் அக்கா, தலை நிமிராமல். “தொறந்து பாத்தீங்களா?”

“ஆட்டிப் பாத்தேன்.”

“சரி.” அதையும் எழுதிக்கொண்டார். பிறகு தன் சுண்டலை என் பக்கம் நகர்த்தினார். அவர் யாருக்கும் சுண்டல் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சத்தியப் பத்திரம் தயாரானபோது படித்துப் பார்த்தேன். பால் டின் அப்படியே இருந்தது, ஓட்டை இரண்டு என்பது உட்பட.

“அக்கா, அந்தப் பால் விசயத்த மட்டும் எடுத்துடலாமே லா. நாலு பேரு மதிக்கிற ஆளு நானு.”

“எடுத்துட்டா, அண்ணே, அந்த வீட்டுக்கு அடியில நீங்க என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“நாலு பேரு மதிக்கிறதப் பாத்தீங்களா, கேட்டீங்களா” என்று அவர் கேட்காமல் விட்டதே பெரிய மனது. கையெழுத்துப் போட்டேன். திருடன் என்று நானே சத்தியம் செய்துகொடுத்த பத்திரம் இன்றும் அரசாங்கக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் சொன்னேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அப்ப நீங்க ஓடவே இல்லயா? அந்தக் கதையச் சொல்லித்தானய்யா என்னைக் கட்டுனீங்க!”

பதிவு இலாகாவில் என்னைத் தனியாக அழைத்து விசாரித்தார்கள். முக்காடு போட்ட ஒரு மலாய் அதிகாரி. பத்திரத்தைப் படித்தார், நிமிர்ந்தார், மறுபடி படித்தார்.

“பாக்சிக், சுரி சூசூ கா?”

மாமா, பால் திருடினீங்களா என்கிறார். “யா, புவான்” என்றேன், ஆமாம் அம்மா என்று. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொன்னேன். அவர் மேலும் கேட்டார். எந்தப் பக்கத்துப் படிக்கட்டு? பின்பக்கம். மருத்துவச்சி பெயர்? சொன்னேன். குழந்தைக்குப் பெயர் வைத்ததைப் பார்த்தீர்களா? இல்லை. கிராணியிடம் சொன்னார்களா? தெரியாது. என்ன தேதி? தெரியாது. பள்ளி நாள், மழை, அவ்வளவுதான். ‘தெரியாது’ என்று அத்தனை தடவை சொல்லியும் நான் உயிரோடு வெளியே வந்தேன். வாசலில் லாயர் அக்கா வெள்ளைச் சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“புலி வந்துச்சா?” என்றார்.

“வரல அக்கா.”

“நல்லது.”

பிறகு இரண்டு தீபாவளி போயிற்று. அதற்குள் அக்காவின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், அவர் ஜொகூருக்கு மாறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேசையில் இப்போது அந்த இரண்டு பெண்கள் மட்டும். ஐயோ பாவம் சொல்வது குறைந்து, அவர்களும் ஸ்கேல் வாங்கிவிட்டார்கள். அது நானே பார்த்தது.

போன மாதம் ஒரு காலை, சரசுவின் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். சரசுவுக்குக் கார்டு வந்துவிட்டதாம். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு உடனே ஜொகூருக்குப் போன் அடித்தேன்.

“அக்கா! சரசுவுக்குக் கார்டு வந்துருச்சு!”

அந்தப் பக்கம் அதே குரல்.

“பாத்தீங்களா அண்ணே, கேட்டீங்களா?”

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. போனை வைத்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு லகாட்டிலிருந்து பாகான் செராய்க்கு ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினேன். ஐம்பது வருடமாகச் சொல்லிவந்த அந்த ஓட்டத்தை அன்றுதான் உண்மையாக ஓடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்தபடி.

சரசு கதவைத் திறந்தாள். ஒரு கைக்குட்டையைப் பிரித்து, உள்ளே இருந்ததை என் உள்ளங்கையில் வைத்தாள். படத்தில் வாயை இறுக்கிக்கொண்டு, போலீஸ் தடுப்பைக் கண்டதுபோல் முழித்தாள். நான் போன் போட்டேன்.

“பாத்தேன் அக்கா. கையில வெச்சிருக்கேன்.”

“கலரு?”

“நீலம்.”

“வார்கானெகாரான்னு போட்டிருக்கா?”

நீலக் கார்டு குடிமக்களுக்கு மட்டும்தான். குடிமகள் என்று கீழே பெரிய எழுத்திலும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“நம்பர்ல நடுவுல என்னா?”

“பூஜ்யம் எட்டு.”

பூஜ்யம் எட்டு என்றால் எங்கள் மாநிலமான பேராக்கில் பிறந்தவர். என் கார்டிலும் அதுதான், இங்கே பிறந்த எல்லாருடைய கார்டிலும் அதுதான். கேள்வி கேட்காமல் அக்கா போனில் இருந்தது அதுவே முதல் தடவை. உள்ளே சரசு தங்கையோடு பேச ஆரம்பித்திருந்தாள். “டிக்கெட்டப் போடுடி. கூச்சிங்ல குளுருமா? சுவெட்டர் வேணுமா?”

“சரசம்மா அழுறாங்களா அண்ணே?” என்றார் அக்கா.

ஆமாம், தாரை தாரையாக, தரை நனைய, என்று வந்துவிட்டது நுனிநாக்கு வரை. நல்ல வேளை, எட்டிப் பார்த்தேன்.

“தெரியல அக்கா. எனக்கு முதுகுதான் தெரியுது.”

“நல்ல சாட்சிண்ணே நீங்க” என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வந்தது. நான் பார்க்கவில்லை. வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.